கஸ்பா பேட் மாடியறையும் மூன்றாம் சரணமும்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் புனே ரயில் நிலையத்தில் இறங்கினேன். அரக்கோணத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் சற்று மேல். ரயில் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். எல்லோரும் அலுத்துக்கொண்டார்கள், எனக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் தாமதமாகாதா என்றிருந்தது.

என் அப்பாவின் தங்கை சரோஜா அத்தைக்கு எழுபத்தொரு வயது. கல்யாணமாகிப் புனேயை ஒட்டிய தாபோடிக்கு வந்தவர், மாமா ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இறந்த பிறகு, ஆகுர்டியில் மகன் பாபுவின் வீட்டில் இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் அத்தைக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். போன வாரம் எனக்குப் போன் செய்து, "ஒரு எடத்துக்குப் போவணும். நீ வந்து கூட்டிக்கினு போ. பாபுவுக்கு இப்ப சொல்லாத" என்றார். எங்கே என்று கேட்டேன். "ஒரு மியூசியம். கஸ்பா பேட்ல. ரெண்டாவது மாடி."

நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். ஸ்டென்ட் வைத்தவர்கள் உட்கொள்ளும் மாத்திரைகளைத் தினம் நூறு பேருக்கு எண்ணிக் கொடுக்கிறவள். இரண்டாவது மாடி என்றதுமே எத்தனை படி இருக்கும் என்றுதான் நினைத்தேன். மறுத்துவிட்டிருக்கலாம். ஆனால் என் அத்தை எதையும் கேட்டுப் பழகாதவர். முதல்முறையாகக் கேட்கிறார். உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வருவதாகப் பாபுவிடம் பொய் சொல்லிவிட்டு டிக்கெட் எடுத்தேன்.

நிலையத்துக்குப் பாபுவே வந்திருந்தான். கார் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன், என்னைவிட ஒரு வயது இளையவன். "அக்கா, நீ சொன்னா அம்மா கேப்பாங்க. மாடிப்படி ஏறாதீங்கன்னு சொல்லு. நேத்துக்கூட மொட்டை மாடிக்கு துணி எடுக்கப் போய்ட்டாங்க" என்றான் வண்டி ஓட்டிக்கொண்டே. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணி ஷிப்டுக்குப் பாபு கிளம்பினான். அவன் மனைவி ஸ்வாதி பள்ளிக்கூட ஆசிரியை. அன்று அரைநாள். அவளும் போன பிறகு அத்தை பச்சைக் கரை போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். காலை மாத்திரைகள் கொடுத்தேன். ரத்த அழுத்தம் பார்த்தேன்: நூற்று நாற்பதுக்கு எண்பத்தெட்டு. நெஞ்சுவலி வந்தால் நாக்கடியில் வைக்கும் மாத்திரையை என் ரவிக்கைக்குள் சிறு பர்ஸில் வைத்துக்கொண்டேன். மருந்துப் பெட்டி முழுவதையும் பைக்குள் போட்டேன்.

8.40 லோக்கல். ஆகுர்டியிலிருந்து சிவாஜிநகர் வரை இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து ரூபாய். பெண்கள் பெட்டியில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து அத்தைக்கு இடம் கொடுத்தாள். சிஞ்ச்வட், பிம்பிரி, காசர்வாடி. கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. நான் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றேன். அன்புக்காகப் பிடித்திருக்கிறேன் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நான் நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இப்பவாவது சொல்லுங்க அத்த. யாரோட மியூசியம்?"

"சகுணாபாய்னு ஒருத்தி. லாவணி பாடறவ. செத்துப் பதினோரு வருசம் ஆச்சு. அவ புள்ள வீட்டு மாடியில மியூசியம் வச்சுக்கினு கீறான். பேப்பர்ல படம் போட்டிருந்தான்."

லாவணி என்பது இந்தப் பக்கத்து நாட்டார் பாட்டு. டோல்கி அடிக்க, ஒன்பது கெஜப் புடவையும் சலங்கையுமாகப் பெண்கள் மேடையில் பாடி ஆடுவது. விசில் பறக்கும். அந்தக் காலத்தில் குடும்பப் பெண்கள் அந்தக் கொட்டகைப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள்.

"உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?"

ரயில் தாபோடியில் நின்றது. அத்தை வெளியே பார்த்தார். நாற்பத்துநான்கு வருடத்துக்கு முன் அந்த நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்த தையல் வகுப்பைப் பற்றி அங்கேதான் சொல்லத் தொடங்கினார். செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு. சகுணாபாய் அங்கே ரவிக்கை தைக்க வருவார். மெஷின் மிதித்துக்கொண்டே அத்தை பாடிய பாட்டைக் கேட்டு, தன் ஒத்திகைக்குப் பின்பாட்டுப் பாட அழைத்திருக்கிறார். மேடைக்கு அல்ல, ஒத்திகைக்கும் ஒலிப்பதிவுக்கும் மட்டும். அத்தை இரண்டு வருடம் போயிருக்கிறார். வீட்டில் தையல் வகுப்பு என்றே பெயர்.

"கேசட்டுக்குப் பாட்டு புடிச்ச அன்னிக்கு அவளுக்குக் காய்ச்சல். ரெண்டு சரணம் எப்படியோ பாடிட்டா. மூணாவதுக்குக் குரல் எழும்பல. ஹால் அன்னிக்கு ஒரு நாள்தான் கெடச்சுது. திரும்பி என்னைப் பாத்து கையக் காட்டினா. நான் பாடினேன்."

ரயில் நகர்ந்தது. முளா ஆற்றுப் பாலத்தின் தடதடப்பில் அவர் அடுத்துச் சொன்னது கேட்கவில்லை. பாலம் தாண்டியதும் மறுபடி சொன்னார்.

"அந்தப் பாட்டுக்குத்தான் அவளுக்கு விருது கெடச்சுது. மூணாவது சரணத்துக்கு. இன்னிக்குப் போய் அத அவ புள்ளகிட்ட சொல்லப் போறேன்."

எனக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. அம்மாவுக்காக அருங்காட்சியகம் வைத்திருக்கும் மகனிடம் போய், உன் அம்மாவின் புகழ்பெற்ற பாட்டை அவர் பாடவில்லை என்று சொல்லப்போகிறார். இதயத்தில் கம்பிவலையோடு. இரண்டாவது மாடியில். நானும் கூட நிற்கப்போகிறேன். அடுத்த நிலையம் கட்கி. அங்கே இறங்கி, வந்த வழியே திரும்பிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். இறங்கவில்லை.

சிவாஜிநகரிலிருந்து கஸ்பா பேட்டுக்கு ஆட்டோ. மீட்டரில் நாற்பத்தாறு ரூபாய் வந்தது. முகவரியைக் கேட்ட ஓட்டுநர், "சகுணாபாயா? எங்க அப்பா அவங்க பாட்டுன்னா சோறு தண்ணி மறந்துடுவார்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, வழியெல்லாம் ஒரு மெட்டை முணுமுணுத்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். முன்நெற்றி வியர்த்திருந்தது. ஆட்டோவில் நல்ல காற்று வந்துகொண்டிருந்தது.

செம்புப் பாத்திரக் கடைகளுக்கு நடுவே பழைய மரவீடு. வாசலில் பலகை. படிகள் மரத்தில், செங்குத்தாக, பிடித்து ஏறக் கயிறு கட்டியிருந்தார்கள். மொத்தம் முப்பத்துநான்கு படிகள். எட்டுப் படிக்கு ஒருமுறை நிற்க வைத்தேன். மூன்றாவது தடவை நின்றபோது அத்தை, "நீ என்னவிட மூச்சு வாங்கறடி ரேவதி" என்றார். உண்மைதான்.

10.15. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு இருபது ரூபாய். இரண்டே அறைகள். முதல் அறையில் மேடைப் படங்கள், ஊதா நிற ஒன்பது கெஜப் புடவை, கண்ணாடிக்குள் சலங்கை, வெற்றிலைப் பெட்டி, டோல்கி. சுவரோடு ஒரு கேசட் அட்டை சட்டமிட்டுத் தொங்கியது. அதன் கீழே மேசையில் சிவப்புப் பொத்தான் வைத்த ஒலிபெருக்கி. படங்களில் சகுணாபாய் அகலமான முகமும் கூர்மையான பார்வையுமாக இருந்தார். அத்தை ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்றார். ஒன்றில் பின்வரிசையில் யாரோ ஒரு பெண்ணின் தோளும் பாதிக் காதும் மட்டும் தெரிந்தன. அதன் முன் அதிக நேரம் நின்றார்.

மகன் மாதவ் ஐம்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். கல்லூரி மாணவர்கள் ஆறு பேருக்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தார். நான் பள்ளியில் இந்தித் தேர்வுகள் எழுதியவள். மராத்தி பாதி புரிந்தது, மீதியைப் பிறகு அத்தை சொன்னார்.

அவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். "இதுதான் அந்தப் பாட்டு. போருக்குப் போய்த் திரும்பும் கணவனிடம் மனைவி கேட்கிறாள், வீடு நினைவிருக்கிறதா என்று. மூன்றாவது சரணத்தைக் கவனியுங்கள்."

முதலில் கனத்த, சற்றுக் கரகரத்த குரல். இரண்டு சரணங்கள். பிறகு டோல்கி ஒரு சுற்று தனியே ஓடியது. மூன்றாவது சரணத்தில் குரல் திடீரென்று லேசாகி மேலே போனது. அது என் அத்தை குரல். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நலங்குக்குப் பாடிய குரல்.

மாதவ் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் காட்டி, அதில் எழுதியிருந்ததைச் சொன்னார். "வீட்டைக் குறிக்கும் 'கர்' என்ற சொல் நான்கு முறை வருகிறது. அதன் முதல் எழுத்தை நெஞ்சிலிருந்து அழுத்திச் சொல்ல வேண்டும். அம்மா அழுத்தாமல் மென்மையாக விட்டுவிடுகிறார். அந்த மனைவிக்கு வீடு என்று சொல்லவே தெம்பில்லை என்று காட்ட. இது அம்மாவின் தனி முத்திரை."

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். அத்தை நெஞ்சில் கை வைத்தார். நான் பர்ஸைத் தேடினேன்.

"தோ ஆவாஜ் மாஜா ஆஹே" என்றார் அத்தை. அந்தக் குரல் என்னுடையது.

இரண்டு மாணவர்கள் சிரித்தார்கள். மாதவும் சிரித்தார். "நிறைய அம்மாக்கள் இப்படித்தான் சொல்கிறார்கள் மாவ்ஷி. கேட்டால் சொந்தக் குரல் போலவே இருக்கிறது என்று." மாவ்ஷி என்றால் சித்தி.

"போல இல்லப்பா. என் குரல்தான்" என்று அத்தை மராத்தியிலேயே சொன்னார். "அழுத்தாமல் விட்டது உணர்ச்சிக்காக இல்லை. எனக்கு அந்த எழுத்து வராது. நான் மதறாசி."

சிரிப்பு நின்றது. மாதவ் மாணவர்களை அடுத்த அறைக்குப் போகச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"என் அம்மா பொய் சொல்லி விருது வாங்கினார் என்கிறீர்களா?"

"இல்லை. பொய் சொன்னது நான்." அத்தை அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "சகுணாபாய் என் பெயரையும் அட்டையில் போடச் சொன்னாள். நான் அவள் காலைப் பிடித்தேன். வேண்டாம் என்று. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் தமாஷா கூத்துக் கோஷ்டியோடு பாடினேன் என்று தெரிந்தால் அன்றைக்கே ஊருக்கு ரயில் ஏற்றியிருப்பார். என் பையனுக்கு அப்போது நாலு வயது. அவள் எனக்காக வாயை மூடிக்கொண்டாள். சாகும் வரைக்கும் மூடிக்கொண்டாள்."

இது எனக்கும் புதிது. ரயிலிலிருந்து அதுவரை சகுணாபாய் என் அத்தையிடமிருந்து பாட்டைப் பிடுங்கிக்கொண்டதாகவே நினைத்திருந்தேன்.

"சாட்சி என்ன இருக்கிறது?" என்றார் மாதவ். "இந்த இடத்துக்கு என் அக்காவும் பொறுப்பாளி. அவளுக்குத் தெரிந்தால்... நீங்கள் தயவுசெய்து கிளம்புங்கள்."

"போகலாம் அத்த" என்றேன். அவர் மணிக்கட்டில் துடிப்பு நூற்றுப் பத்துக்கு மேல்.

அத்தை எழுந்திருக்கவில்லை. "கர்" என்றார் மாதவிடம். மறுபடி வாயைக் குவித்து, மூச்சை இழுத்து, அழுத்தப் பார்த்தார். "கர்." இன்னொரு தடவை. "கர். பாத்தியா? ஐம்பது வருசம் இந்த ஊர்ல இருந்துட்டேன். கடைக்காரன், டாக்டர், என் மருமகள் எல்லாரும் திருத்தியாச்சு. வரவே மாட்டேங்குது."

மாதவ் எழுத்துப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மிகத் தணிந்த குரலில், "பாடுங்கள்" என்றார்.

"வேண்டாம்" என்றேன் நான், முதலில் தமிழில், பிறகு இந்தியில். "இவங்களுக்கு ஸ்டென்ட் வச்சு ரெண்டு மாசம்தான் ஆகுது. மூச்சைப் பிடிச்சுப் பாடக் கூடாது."

என் அத்தை என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. ஆனால் நான் வழியிலிருந்து விலகிக்கொண்டேன்.

பாடினார். இரண்டு வரி. மேலே போக வேண்டிய இடத்தில் குரல் போகவில்லை, கீழேயே பிடித்துக்கொண்டார். இரண்டாவது வரியின் பாதியில் மூச்சு அறுந்தது. நின்றார், இழுத்துக்கொண்டார், விட்ட இடத்திலிருந்து முடித்தார். அழுத்தம் இல்லாத அந்த "கர்" இரண்டு முறை வந்தது. நான் மாத்திரையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீண்ட இரண்டு வரிகளைக் கேட்டதில்லை.

மாதவ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். கீழே செம்புப் பாத்திரம் தட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"அம்மா மேடையில் இந்தச் சரணத்தைப் பாடவே மாட்டார்" என்றார் திரும்பாமலே. "இரண்டாவதோடு நிறுத்திவிடுவார். ஜனங்கள் கத்துவார்கள். ஒருமுறை காசையே திருப்பிக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து நான் சண்டை போட்டேன். ஏன் பாடவில்லை என்று. 'அது என்னுடையது இல்லை' என்றார். எழுதியவரைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்."

அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அத்தை குடித்தார். அரை மணி நேரம் உட்கார வைத்த பிறகு துடிப்பு தொண்ணூற்றாறுக்கு இறங்கியது. மாத்திரை தேவைப்படவில்லை.

"அம்மாவிடம் கோபமாவே இருந்துட்டேன், அந்த ஒரு விஷயத்துல" என்றார் மாதவ், இந்தியில், என்னிடம்.

அத்தை கேட்டது ஒன்றுதான்: பலகையில் தன் பெயர். சகுணாபாயின் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில். மாதவ் உடனே சரி என்று சொல்லவில்லை. அக்காவைக் கேட்க வேண்டும் என்றார். தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். படியிறங்கும்போது எங்களுக்கு முன்னால் பின்புறமாக இறங்கினார், அத்தை தடுக்கினால் தாங்கிப்பிடிக்க.

தெருவுக்கு வந்து போனைப் பார்த்தேன், மணி பன்னிரண்டரை. சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். பாபுவிடமிருந்து ஒன்பது அழைப்புகள். ஸ்வாதி பதினொன்றரைக்கே வீடு திரும்பி, பூட்டிய கதவையும் மருந்துப் பெட்டி இல்லாததையும் பார்த்து, ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறோம் என்று பதறியிருக்கிறாள். பாபு ஷிப்டை விட்டுவிட்டுப் பிம்பிரியில் இரண்டு மருத்துவமனைகளில் தேடிவிட்டான். திருப்பிக் கூப்பிட்டு, இருக்கும் இடத்தைச் சொன்னேன். "வீட்டுக்கு வாக்கா" என்று வைத்துவிட்டான்.

மத்தியானத்தில் லோக்கல் குறைவு. ஆட்டோவிலேயே ஆகுர்டி வரை வந்தோம், பத்தொன்பது கிலோமீட்டர், முந்நூற்று எண்பது ரூபாய். அத்தை என் தோளில் சாய்ந்து தூங்கினார். உதடு நீலம் பாரிக்கிறதா என்று ஒவ்வொரு சிக்னலிலும் குனிந்து பார்த்தேன்.

பாபு வாசலிலேயே நின்றிருந்தான். "உன்ன நம்பித்தானே வுட்டுட்டுப் போனேன்?" என்றான் என்னிடம்.

"அவள இன்னாத்துக்குக் கேக்கற? என்னக் கேளு" என்றார் அத்தை. சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரே சொன்னார். தையல் வகுப்பு, காய்ச்சல், மூன்றாவது சரணம். பாபு நின்றுகொண்டே கேட்டான்.

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

அவன் தன் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னலைச் சாத்தினான், திறந்தான். பிறகுதான் கேட்டான், எந்தப் பாட்டு என்று. அத்தை முதல் வரியைச் சொன்னார்.

"அரே!" என்றான் பாபு. "அது நம்ம பில்டிங் சொசைட்டில கணபதி விழாவுக்கு வருசா வருசம் போடற பாட்டு இல்ல? நான் அதுக்கு ஆடியிருக்கேன்மா. நீ மேல பால்கனில நின்னு பாத்துக்கிட்டு இருப்ப."

"ஆமா. பாத்துக்கினுதான் இருந்தேன்."

ஸ்வாதி தன் போனில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்தாள். நான்கு பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். மூன்றாவது சரணம் வந்ததும் மராத்திக்காரியான ஸ்வாதி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆயி, இது நீங்க காய்கறிக்காரன்கிட்ட பேசற மாதிரியே இருக்கு" என்றாள். பாட்டு முடிந்ததும் பாபு திரும்ப முதலிலிருந்து வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான் கிளம்பினேன். பாபு கொண்டுவந்து ஏற்றிவிட்டான். கோபம் முழுசாகத் தீரவில்லை. "அடுத்த தடவ என்கிட்ட சொல்லிட்டுக் கூட்டிக்கிட்டுப் போ" என்றான். அடுத்த தடவை என்று அவன் சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது.

தவுண்ட் தாண்டி வண்டி வேகம் பிடித்தபோது அத்தை போன் செய்தார். திரையில் அவர் பெயரைப் பார்த்ததும் நான் நினைத்ததை இங்கே எழுத வேண்டாம்.

"மாதவ் பேசினான்டி. அக்காக்காரி ஒத்துக்கலயாம். பேர் போடக்கூடாதுன்னு ஒரே சத்தமாம்."

"அத்த..."

"இரு. பேர் போடல. ஆனா அந்த முத்திரைன்னு எழுதியிருந்தான் பாரு, அந்த வரிய எடுத்துட்டானாம். காலையில அவனே ஏணி போட்டு ஏறிச் சொரண்டிட்டானாம். அந்த எடம் வெள்ளையா கீதாம்."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

பின்னால் ஸ்வாதியின் குக்கர் விசில் கேட்டது. "கீது. இல்லாம இருக்குமா? ஆனா ஒண்ணு யோசிச்சேன். இனிமே அது அவ முத்திரை இல்லன்னு ஆயிடுச்சு. அப்ப யார்துன்னு யாராச்சும் ஒருத்தர் கேப்பாங்க. கேட்டா மாதவ் பொய் சொல்ல மாட்டான். அம்மாவப் போலத்தான் அவனும், வாய மூடிக்குவானே தவிர பொய் வராது."

மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். வாங்குகிறது, மொட்டை மாடிக்கு இருபது படி ஏறினேன் என்றார். ஏன் ஏறினீர்கள் என்று நான் கத்தியபோது பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

புனே போகிறவர்கள் பார்ப்பதற்கு அந்த ஊரில் கோட்டையும் அரண்மனையும் நிறைய இருக்கின்றன. அவற்றை மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்தது இரண்டு அறை. சிவாஜிநகரில் இறங்கி ஆட்டோ எடுங்கள், ஐம்பது ரூபாய்க்குள் வரும். கஸ்பா பேட்டில் செம்புப் பாத்திரக் கடைகளுக்கு நடுவே பலகை தெரியும். முப்பத்துநான்கு படிகள், கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் அறையில் கேசட் அட்டைக்குக் கீழே சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அழுத்திவிட்டு, மூன்றாவது சரணம் வரை பொறுமையாக நில்லுங்கள். அது முடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்ட மனிதரிடம், இதைப் பாடியது யார் என்று கேளுங்கள்.